சுண்டுவிரல் நகமளவு பித்தளை

ஏப்ரல் 2

வண்டு,

நலமா என்று உன்னைக் கேட்டால் எனக்குப் பைத்தியம் என்பார்கள். அதனால் கேட்கவில்லை. என் முட்டிவலி நீ விட்டுப்போன இடத்திலேயே இருக்கிறது. மகள்தான் சொன்னாள், "வாய்க்குள்ளயே முனகிக்கிட்டுத் திரியாதம்மா, எதுவா இருந்தாலும் எழுதி வை." ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத என்ன இருக்கிறது? திட்டத்தான் இருக்கிறது.

நீ போய் ஐந்து வாரம் ஆகிறது. வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்துவிட்டார். இடத்தை விற்றுவிட்டாராம். செப்டம்பர் முப்பதாம் தேதிக்குள் நான் காலி செய்ய வேண்டும், அதன் பிறகு கொட்டகையை இடித்துவிடுவார்கள். நான் மகள் வீட்டுக்குப் போய்விடுவேன். உன் பச்சைக் குட்டி டிராக்டர் எங்கே போகும்? தோலை உரித்துப் போட்ட மாதிரி நாலு மரக்கட்டை மேல் நிற்கிறது. பழைய இரும்புக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "சக்கரத்தை எடுத்துக்கறேன், மிச்சத்தை வெட்டிரலாம்" என்றார். புல் வெட்டுவதற்கென்று ஐம்பது வருஷத்துக்கு முன்னால் செய்த வண்டி. யாரோ மைதானத்துக்குப் பின்னால் தூக்கிப் போட்டதை நீ வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தாய். அதன் அடியில் மல்லாந்து, காலை உதைத்துக்கொண்டே கிடந்தாய். வண்டு என்று நான் சும்மாவா பெயர் வைத்தேன்?

நேற்று உன் கொட்டகையைச் சுத்தம் செய்தேன். சுவர் முழுக்க ஆணி, ஒவ்வொரு ஆணியிலும் துணி மூட்டை, சாக்ஸ், நூலில் கட்டின திருகு. தேடித் தேடிக் களைத்துப்போன என் நல்ல கோப்பைகள் நாலும் அங்கேதான் இருந்தன, உள்ளே கிரீஸ். எல்லாவற்றையும் கொட்டி, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, பெரியது பெரியதோடு, சிறியது சிறியதோடு என்று பதினொரு ஜாடியில் போட்டுவிட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அங்கே தரை தெரிகிறது. நீ இருந்தால் கத்தியிருப்பாய். கத்து, பார்க்கலாம்.

தையல் பெட்டியில் ஊசிகளையும் எண்ணினேன். ஏழு இருக்கிறது. இனிமேல் ஏழாகவே இருக்கும்.

கோபமாக இருக்கிறவள்


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் முட்டி எப்படி இருக்கிறது? என் இடுப்பில் தையல் பிரித்துவிட்டார்கள். டிசம்பர் வரை பஸ், ரயில் எதிலும் ஏறக் கூடாது என்கிறார் டாக்டர். பஸ் டெப்போவில் இருபது வருஷம் வண்டிக்கு அடியில் படுத்தவனை இப்போது கட்டிலில் படுக்க வைத்திருக்கிறார்கள். அண்ணன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட முடியாமல் போனது எனக்கு ஆறவில்லை.

போனில் பேசினால் நீங்கள் அழுகிறீர்கள், நான் கத்துகிறேன், ஒரு நட்டுக்கூட நகரவில்லை. அதனால் எழுதியே பேசுவோம். உங்கள் தெருக்கோடி செடிக்கடைக்காரர், வண்டி ஓடினால் தன் தோட்டத்தில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார் என்றீர்களே, அதை விடக் கூடாது. எஞ்சினை அண்ணன் முடித்துவிட்டார், எனக்குத் தெரியும். பூட்டுவதுதான் பாக்கி. நான் இங்கிருந்து சொல்கிறேன், நீங்கள் அங்கே திருகுங்கள். துணி தைக்கிற கைக்கு இது வராதா?

ஒன்றே ஒன்று. சுவரைத் தொடாதீர்கள். அண்ணன் எதையும் எழுதி வைக்கிற ஆளில்லை. கழற்றக் கழற்ற, இடமிருந்து வலமாக ஆணியில் மாட்டிக்கொண்டே போவார். பூட்டும்போது வலமிருந்து எடுத்துக்கொண்டே வருவார். அந்தச் சுவர்தான் அவருடைய புத்தகம். எதையும் எதோடும் கலந்துவிடாதீர்கள்.

அன்புடன்
உங்கள் கொழுந்தன்


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

இடுப்பைப் பார்த்துக்கொள். வெந்நீர் ஒத்தடம் கொடு. இங்கே நல்ல வெயில். உன் கடிதம் வந்து சில நாள் ஆகிறது. கால்சட்டை மடிப்புத் தைக்கிற வேலை நிறைய வந்துவிட்டது, அதனால் உடனே எழுத முடியவில்லை.

சுவர் நன்றாக இருக்கிறது.

மகள் வந்து உன் அண்ணனின் துணிகளை எடுத்துக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்ன உறையை மட்டும் நான் கொடுக்கவில்லை. அவருடைய கடிகாரம், கண்ணாடி எல்லாம் அதில் இருக்கிறது. "இதைப் போயி வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப்போறே?" என்றாள். வைத்துக்கொள்ளத்தான் போகிறேன், வேறென்ன?

ஒரு சந்தேகம். சுவர் இல்லாமல் இந்த வண்டியைப் பூட்ட வேண்டும் என்றால் எப்படிப் பூட்டுவார்கள்? சும்மா கேட்கிறேன்.

அன்புடன்
அண்ணி


மே 13

அண்ணிக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

நீங்கள் "சும்மா கேட்கிறேன்" என்று எழுதியதை மூன்று தடவை படித்துவிட்டேன். சுவரை என்ன செய்தீர்கள்?

கொழுந்தன்


மே 20

தம்பிக்கு,

உன் இடுப்பு தேவலையா? என் முட்டியை இப்போது விட்டுவிடு.

கழுவினேன். எல்லாவற்றையும் கழுவினேன். சோப்புத்தூள் போட்டுக் கழுவினேன். பதினொரு ஜாடி, ஒவ்வொன்றும் பளபளவென்று இருக்கிறது. நீ முதல் கடிதம் எழுதுவதற்குப் பதினெட்டு நாளைக்கு முன்பே கழுவியாகிவிட்டது.

எனக்கு யார் சொன்னார்கள், அது புத்தகம் என்று? முப்பத்தொரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர் ஒரு நாளாவது சொன்னாரா? "அதைத் தொடாதே, இதைத் தொடாதே" என்பார். ஏன் என்று கேட்டால், "உனக்குப் புரியாது" என்பார். புரியாதவள் கையில் விட்டுவிட்டுப் போனால் இப்படித்தான் ஆகும். என்னைத் திட்டுவதாக இருந்தால் திட்டி எழுது, படிக்கிறேன். ஆனால் பூட்டுகிற வழியையும் சேர்த்து எழுது. இரும்புக்காரர் நேற்றும் வந்தார். வண்டியைத் தராசுப் பார்வை பார்க்கிறார்.

அண்ணி


மே 31

அண்ணிக்கு,

உடல்நலம் கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஊன்றுகோலைச் சுவரில் அடித்தேன். உங்கள் தங்கச்சி, அதாவது என் வீட்டுக்காரி, ஓடிவந்து, "இப்ப அதையும் ஒடிச்சிட்டு எதைப் பிடிச்சு நடப்பீங்க?" என்றாள்.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். எல்லா போல்ட்டும் ஒரே தடிமன். நீளம்தான் வேறு. கியர்ப்பெட்டி மூடியில் பதினான்கு போல்ட்டு. குட்டையானது போக வேண்டிய ஓட்டையில் நீளமானது போனால், அடியில் போய்ப் பல்சக்கரத்தில் முட்டும். ஒரு சுற்றுச் சுற்றினால் பல் போய்விடும். அப்புறம் இரும்புக்காரருக்கு நீங்களே தேநீர் கொடுத்துக் கூப்பிடலாம். எது எந்த ஓட்டை என்று சுவருக்குத்தான் தெரியும். சுவரை நீங்கள் குளிப்பாட்டிவிட்டீர்கள்.

எனக்கு எந்த வழியும் தோன்றவில்லை. கோபம் மட்டும் தோன்றுகிறது. கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை. அண்ணன் எனக்கும் எதையும் சொல்லித் தந்தது கிடையாது. "பாரு, பார்த்துக் கத்துக்க" என்பதோடு சரி.

கொழுந்தன்


ஜூன் 27

தம்பிக்கு,

ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாய் என்று உன் வீட்டுக்காரி போனில் சொன்னாள். சந்தோஷம். அவசரப்பட்டுப் படியேறாதே.

கியர்ப்பெட்டியைப் பூட்டிவிட்டேன்.

உனக்கு வழி தோன்றவில்லை என்றால் எனக்கும் தோன்றக் கூடாதா? மூடியை ஒரு அட்டை மேல் வைத்து, துணி வெட்டக் கோடு போடுகிற மாதிரி சுற்றி வரைந்தேன். பதினான்கு ஓட்டையையும் குறித்தேன். பிறகு மூடியை அதன் இடத்தில் வைத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் பின்னல் ஊசியை அடி தொடும் வரை விட்டு, நகத்தால் பிடித்து எடுத்து, ஜாடியில் அதைவிட ஒரு நூல் அளவு குட்டையான போல்ட்டைத் தேடினேன். கிடைத்ததை அட்டையில் அதன் இடத்திலேயே குத்தி வைத்தேன். கடையில் பொத்தான் அட்டை தொங்குமே, அந்த மாதிரி. இரண்டு நாள் ஆனது. முன்பக்கம் இரண்டு நீளம், நடுவில் எல்லாம் குட்டை, பின்னால் மூன்று நடுத்தரம். பூட்டிவிட்டுக் கையால் சுற்றினேன். எதுவும் முட்டவில்லை. மூன்று தடவை சுற்றினேன்.

ஸ்டியரிங், முன் அச்சு எல்லாவற்றுக்கும் தனித்தனி அட்டை போட்டிருக்கிறேன். செடிக்கடைக்காரர் வந்து முன் அச்சைத் தூக்கிப் பிடித்தார். "அக்கா, நீங்க சட்டை தைக்கிறீங்களா, வண்டி தைக்கிறீங்களா?" என்று கிண்டல் செய்தார். "பேசாம தூக்குங்க, அச்சு சரியுது பாருங்க" என்றேன்.

உன் அண்ணன் சுவரில் செய்ததை நான் அட்டையில் செய்தேன். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

அண்ணி


ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

முட்டியை மடக்கி உட்காராதீர்கள். ஒரு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை டெப்போவுக்குக் கொடுத்தனுப்பிப் படிக்கச் சொன்னேன். மேஸ்திரி அந்த அட்டையைப் பற்றிப் படித்துவிட்டு, "இந்த அம்மாவை வேலைக்கு எடுத்துக்கலாம், நம்மாளுங்க பத்துப் பேரை வீட்டுக்கு அனுப்பிரலாம்" என்றாராம். ஊன்றுகோலை அடித்ததற்கு மன்னித்துவிடுங்கள்.

இனி கார்புரேட்டர் ஒன்றுதான். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற சின்னக் கிண்ணம். அதன் அடியில் ஜெட் என்று ஒன்று திருக வேண்டும். பித்தளை, சுண்டுவிரல் நகமளவுதான் இருக்கும். ஒரு முனையில் திருகு, நடுவில் முடி நுழைகிற துளை. அதன் வழியாகத்தான் பெட்ரோல் வரும். அது இல்லாமல் எஞ்சின் உயிர் பெறாது. அந்த வண்டிக்கு இப்போது அது எங்கேயும் கிடைப்பதில்லை. நானும் நாலு பேரிடம் கேட்டுவிட்டேன். இந்தத் தாளின் பின்பக்கம் படம் வரைந்திருக்கிறேன்.

துளையில் அழுக்கு அடைத்திருந்தால் காற்றால் ஊதுங்கள். அண்ணன் உங்கள் தையல் ஊசியை விட்டுக் குத்துவார். துளை பெரிதாகிவிடும் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். "சன்ன ஊசிடா, ஒண்ணும் ஆகாது. உங்க அண்ணி ஊசியை எண்ணி வெச்சிருக்கா, அதுதான் எனக்குப் பயம்" என்று சிரிப்பார்.

ஜாடிகளில் தேடி எடுங்கள்.

அன்புடன்
கொழுந்தன்


ஜூலை 30

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

பதினொரு ஜாடியையும் வெள்ளைத் துணியில் கொட்டித் தேடினேன். ஜாடியில் இல்லை. கொட்டகையில் இல்லை. மேஜை மேல் திறந்து கிடந்த கார்புரேட்டருக்குள்ளும் இல்லை. கழுவின இடத்து மண்ணையும் சலித்துப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

படம் நன்றாக வரைந்திருக்கிறாய்.

வேறு ஏதாவது வண்டியின் துண்டு பொருந்தாதா? கேட்டுப் பார்.

அண்ணி


ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பு சரியில்லையா? கடிதம் பாதியாகச் சுருங்கிவிட்டதே.

வேறு எதுவும் பொருந்தாது. பொருந்தினால் நான் ஏன் உங்கள் உயிரை வாங்குகிறேன்? திரும்பத் தேடுங்கள். சலித்த மண்ணையே மறுபடி சலியுங்கள். கழுவின தண்ணீரோடு போயிருந்தால், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியதோ அந்தப் பக்கம் தேடுங்கள். இத்தனை தூரம் வந்துவிட்டு ஒரு நகமளவு பித்தளைக்காக வண்டியை வெட்டக் கொடுப்பதா? இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. நீங்கள் அதைக் கழுவாமல் இருந்திருந்தால் என்று எழுத வந்தேன். எழுதவில்லை.

இன்னொன்று. படுத்துக்கொண்டே யோசிக்கிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கார்புரேட்டரை அண்ணன் திறந்து மேஜை மேல் வைத்திருக்கிறார். அப்படியென்றால் அன்று காலை அதில்தான் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார். ஜெட்டைச் சுவரில் மாட்டியிருக்கவே மாட்டார். அன்று அவர் கையில் ஏதாவது இருந்ததா, அண்ணி? கேட்கக் கூடாததைக் கேட்கிறேனோ தெரியவில்லை. அன்று என்ன நடந்தது என்று நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. "முற்றத்தில் விழுந்துவிட்டார்" என்பதோடு நிறுத்திக்கொண்டீர்கள்.

பதில் போடுங்கள்.

அன்புடன்
கொழுந்தன்


செப்டம்பர் 26

அன்புள்ள தம்பிக்கு,

உன் இடுப்பு, உன் வீட்டுக்காரியின் தலைவலி, எல்லாம் குணமாகியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆறு வாரமாகப் பதில் போடவில்லை. நீ மூன்று தடவை போன் செய்ததும் தெரியும். எடுக்கவில்லை. திட்டிக்கொள்.

வண்டி ஓடிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஜெட்டைத் திருகினேன். பெட்ரோல் ஊற்றி, கிண்ணம் நிறையும் வரை காத்திருந்து, கயிற்றைச் சுற்றி இழுத்தேன். பதினெட்டுத் தடவை இழுத்தேன். பத்தொன்பதாவது தடவை செடிக்கடைக்காரர் இழுத்தார். ஒரு இருமல் இருமி நின்றுவிட்டது. "அவ்வளவுதான் போல, அக்கா" என்றார். "தள்ளுங்க" என்று நானே இழுத்தேன். பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்க நீலப் புகை. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி வந்து, "மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரா?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஸ்டியரிங் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கிறது. செடிக்கடை வரைக்கும் நானே ஓட்டிக்கொண்டு போய் விட்டேன். நடந்தே முந்திவிடலாம், அவ்வளவு வேகம். இரும்புக்காரர் கடை வாசலில் நின்று பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தேன்.

அட்டைகளை உனக்கு அனுப்பி வைக்கிறேன். உனக்குப் பயன்படும்.

ஜெட் எங்கே கிடைத்தது என்று கேட்காதே. கிடைத்தது. மண்ணைச் சலித்துப் பார்த்ததும் உண்மை, ஜாடியில் இல்லாததும் உண்மை. நான் உன்னிடம் பொய் எழுதவில்லை. எழுத வேண்டியதை எழுதவில்லை, அவ்வளவுதான்.

அன்புடன்
அண்ணி


செப்டம்பர் 29

வண்டு,

நாளைக்குச் சாவியைக் கொடுக்க வேண்டும். மூட்டை கட்டியாகிவிட்டது. கொட்டகை காலி. சுவரில் உன் ஆணிகள் மட்டும் இருக்கின்றன. பிடுங்கவில்லை. இடிக்கிறவர்கள் பிடுங்கிக்கொள்ளட்டும்.

உன் தம்பி மண்ணைச் சலி, மண்ணைச் சலி என்று என் உயிரை எடுத்தான். நானும் சலித்தேன். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே சலித்தேன். அவன் படத்தைப் பார்த்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி உறையில் கடிகாரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில், பஞ்சில் சுற்றி வைத்திருந்தார்கள். "கையை இறுக்கமா மூடியிருந்தார்ம்மா, விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தோம்" என்று நர்ஸ் சொன்னாள். அது என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. நீ கடைசியாகப் பிடித்திருந்தது, அது போதும் எனக்கு. தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டேன். அதைப் போய் எஞ்சினுக்குள் திருகு என்றால் எப்படித் திருகுவேன்? இரண்டு மாதம் யோசித்தேன். உன் கையில் இருந்ததை வைத்துக்கொண்டால் வண்டி வெட்டுப்படும். வண்டி வேண்டுமென்றால் அதைக் கொடுக்க வேண்டும். செத்தும் என்னை இப்படிப் படுத்துகிற ஆளை நான் பார்த்ததில்லை.

கடைசியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துளை அடைத்திருந்தது. ஊதினேன், போகவில்லை. தையல் பெட்டியைத் திறந்து, இருக்கிறதிலேயே சன்னமான ஊசியை எடுத்து, நானே குத்தினேன். உன் தம்பி கூடாது என்று எழுதியிருக்கிறான், தெரியும். கறுப்பாக ஒரு பொட்டு வெளியே வந்தது. திரும்பப் பிடித்துப் பார்த்தேன். துளைக்குள் வானம் தெரிந்தது. அந்த ஊசியைக் கொட்டகை ஜன்னல் சட்டத்தில் குத்தி வைத்துவிட்டேன். இப்போது பெட்டியில் ஆறு.

அன்று காலை உன்னோடு சண்டை போட்டது எனக்கு மறக்குமா? வளைந்துபோன ஊசியைப் பெட்டியில் திருப்பி வைத்திருந்தாய். தெரியாமல் எடுத்துத் தைத்து, தைக்கக் கொடுக்கிற துணிக்கடைக்காரரின் துணியில் நூல் இழுத்துவிட்டது. "இனிமே ஊசின்னு கேட்டுக்கிட்டு இந்த வாசப்படி ஏறிப் பாரு, அப்புறம் இருக்கு உனக்கு" என்றேன். நீ சிரித்துக்கொண்டே போனாய். அரை மணி நேரம் கழித்து முற்றத்திலிருந்து கூப்பிட்டாய். "இந்தா, கொஞ்சம் வாயேன்." ஊசிக்குத்தான் என்று நினைத்தேன். வரட்டும், வாசலில் நின்று கெஞ்சட்டும் என்று நினைத்தேன். இன்னொரு தடவை கூப்பிட்டாய், கொஞ்சம் மெதுவாக. மடிப்பில் நாலு விரல்கடை பாக்கி இருந்தது. அதை முடித்து, நூலை அறுத்து, முடிச்சும் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன். நீ குழாய்க்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தாய். எப்போதும் கிடக்கிற மாதிரிதான். கால் மட்டும் உதைக்கவில்லை.

இதை உன் தம்பிக்கு எழுதவில்லை. மகளிடம் சொல்லவில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டு போனேனே, அப்போது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று வாய்விட்டே உன்னிடம் கேட்டேன். செடிக்கடைக்காரர் பக்கத்தில் நடந்து வந்தவர், "என்னக்கா சொல்றீங்க?" என்றார். "ஸ்டியரிங் இழுக்குது" என்றேன்.

கையில் ஜெட் இருந்தது. துளை அடைத்திருந்தது. ஊசி இல்லாமல் உனக்கு வேலை ஓடாது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உன் வாயால் ஒரு தடவை சொல்லிவிடு.

ஊசிக்குத்தானே கூப்பிட்டாய், வண்டு?